வீட்டில் உள்ள ஒரே லப்டொப்பில் விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும் – என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்ட தம்பி கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறார். வீட்டில் இருப்பது ஒரேயொரு பாவித்த லப்டொப். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. அப்பா இரணைமடுவின் கீழுள்ள ஒரு கமக்காரர் அமைப்பில் செயலாளர். கூட்டக் குறிப்பு, காலபோக விதைப்புப் பட்டியல், திணைக்களத்துக்குப் போகும் கடிதம் எல்லாம் அந்த லப்டொப்பில், வேர்டில், பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தங்கை உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கிறாள். தம்பிக்குப் படிப்புக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டு வேண்டும். ரவுணில் ஒரு கடையில் கேட்டால் “முழுக்க ஃபோர்மட் அடித்துத்தான் போடலாம்” என்கிறார்களாம். விண்டோஸை அழிக்காமல் இரண்டையும் வைக்க முடியாதா என்று கேட்கிறார்.

முடியும். ஃபோர்மட் அடிக்கத் தேவையில்லை. கடைக்காரருக்கு அது சுலபமான வேலை, அதனால் அப்படிச் சொல்லியிருப்பார்.

லினக்ஸை நிறுவுவது இப்போது பெரிய வித்தையே இல்லை. நிறுவும் மென்பொருள் (நிறுவி) அரைமணிக்குள் முடித்துவிடும். சிக்கல் வருவது அதற்கு அடுத்த நாள். நீங்கள் கம்பஸில் இருக்கும் நேரம் அப்பா கூட்டத்துக்கு அவசரமாக ஒரு கடிதம் அச்செடுக்க லப்டொப்பைப் போடுவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வந்து நிற்கும். அல்லது கேள்விப்படாத ஒரு திரை வந்து கடவுச்சொல் கேட்கும். அதனால் இந்தப் பதில் முழுக்க ஒரு விதியை வைத்துத்தான் எழுதுகிறேன்: பவர் பொத்தானை அமத்தினால், வீட்டில் கொம்பியூட்டர் பற்றி ஆகக் குறைவாகத் தெரிந்தவருக்கு எது வேண்டுமோ அதுவே தானாக வர வேண்டும். லினக்ஸ் வேண்டியவர் நீங்கள். ஒரு விசையைக் கூடுதலாக அமத்த வேண்டியவரும் நீங்கள்தான்.

முதலில், உண்மையிலேயே இரண்டு இயங்குதளம் வேண்டுமா என்று பாருங்கள். சி, பைதன் நிரல்மொழிகள், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட், கட்டளை தட்டும் டெர்மினல் பழக்கம் ஆகியவைதான் தேவை என்றால் விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. 2020இல் பரவலாக வந்த அதன் இரண்டாம் பதிப்பு உண்மையான லினக்ஸ் கேர்னலையே (அதன் மையப் பகுதியையே) ஓட்டுகிறது. டிஸ்கைப் பிரிக்கத் தேவையில்லை, அப்பாவின் பக்கம் ஒன்றும் மாறாது. முதல் வருடத்துக்கு அது தாராளமாகப் போதும். வெர்ச்சுவல்பொக்ஸ் மாதிரி, விண்டோஸுக்குள் இன்னொரு கணினியாக ஓடும் மெய்நிகர் இயந்திரம் இன்னொரு வழி. ஆனால் 8 ஜிபியில் பாதியை உபுண்டுவுக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் மூச்சு வாங்கும். 4 ஜிபி ரேம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். யூஎஸ்பியில் ஆர்டுயினோ போன்ற மின்னணுப் பலகைகளை இணைத்து வேலை செய்வது, ரோபோ வேலைக்கு ரொஸ் என்ற மென்பொருளைப் போடுவது, அல்லது விண்டோஸ் 10 இழுபடுகிறது, வேகமான ஒன்று வேண்டும் என்பது – இப்படியான காரணம் இருந்தால் இரட்டை நிறுவல் சரியான முடிவு.

உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 ஒக்ரோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கும். உங்களுடையது ஒரு தலைமுறையில் தவறிவிட்டது. ஆகவே இணையம், வங்கி, மின்னஞ்சல் போன்றவற்றை மெதுமெதுவாக லினக்ஸ் பக்கம் கொண்டுபோய், விண்டோஸை அப்பாவின் பாமினி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது புத்தி.

இனி எங்கே நிறுவுவது. என்னைக் கேட்டால், வேறு டிஸ்கில். ஏழாம் தலைமுறை லப்டொப்கள் பலவற்றில் எம்.2 என்ற சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடமும் இருக்கும், இரண்டரை அங்குல சாட்டா டிஸ்குக்கான இடமும் இருக்கும். ஒன்று காலியாக இருக்கிறதா என்று பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். இல்லையென்றால் டிவிடி டிரைவ் இருக்கிறதா? அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்துக்குள் ஓர் எஸ்எஸ்டியைப் போடலாம். கேடி வாங்க முன் டிரைவின் தடிப்பை அளந்துகொண்டு போங்கள். 9.5 மில்லிமீற்றரும் உண்டு, 12.7 மில்லிமீற்றரும் உண்டு. மாறி வாங்கினால் திருப்பி எடுக்க மாட்டார்கள். லினக்ஸுக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி போதும்.

இரண்டாவது டிஸ்க் கிடைத்தால் ஒரு வேலை கட்டாயம்: நிறுவும்போது விண்டோஸ் டிஸ்கைக் கழற்றி வெளியில் வையுங்கள். எம்.2 என்றால் ஒரேயொரு ஸ்குரூ. சில நிறுவிகள், நீங்கள் இரண்டாவது டிஸ்கைத் தெரிவு செய்தாலும், பூட் கோப்புகளை (இயங்குதளத்தை எழுப்பும் கோப்புகளை) மட்டும் முதல் டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிடும். அப்படி நடந்தால் இரண்டு டிஸ்க் வைத்த பயன் போய்விட்டது. விண்டோஸ் டிஸ்க் வெளியில் இருந்தால் அதில் எதுவும் எழுதப்பட வழியே இல்லை. நிறுவி முடிந்ததும் திரும்பப் பூட்டி, பயோஸில் (இயங்குதளத்துக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) விண்டோஸை முதலாவதாக வைத்துவிடுங்கள். லினக்ஸ் வேண்டும்போது லப்டொப்பைப் போட்ட உடனே பூட் பட்டியல் விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் அதைப் பயோஸுக்குள் போய் முதலில் இயக்கிவிட வேண்டும். அப்பா ஒரு மாற்றத்தையும் காண மாட்டார்.

காசு இல்லை, ஒரே டிஸ்கில்தான் என்றால் அதுவும் நடக்கும். ஆனால் முன்வேலை கூட. நான் பார்த்தவரை பிரச்சினைகளில் பெரும்பங்கு முன்வேலையை விட்டதால் வருவது, லினக்ஸால் வருவதல்ல.

நகல் எடுங்கள். அப்பாவின் கோப்புகள் டொகியுமென்ட்ஸில் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். டெஸ்க்டொப்பில்தான் பாதி கிடக்கும், மிச்சம் டவுன்லோட்ஸில். பாமினி எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். அது இல்லாமல் அந்தக் கடிதங்களைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளின் கலவைதான் தெரியும். நகல் வேறொரு பென்ட்ரைவிலோ வெளி டிஸ்கிலோ இருக்க வேண்டும். அதே டிஸ்கின் டி டிரைவில் வைத்தால் அது நகல் இல்லை.

பிறகு, விண்டோஸில் சிஸ்டம் இன்பர்மேஷனைத் திறந்து ‘பயோஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். யூஈஎஃப்ஐ (லப்டொப் எழும்பும் புதிய முறை) என்று இருக்கும், அல்லது லெகசி (பழைய முறை) என்று இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் லினக்ஸும் அதே முறையில்தான் நிறுவப்பட வேண்டும். ஒன்று ஒரு முறையிலும் மற்றது இன்னொரு முறையிலும் இருந்தால் ஒரே பட்டியலில் இரண்டும் வராது. கடைகளில் பழைய பழக்கத்தில் லெகசியில் விண்டோஸ் போட்டு, டிஸ்கை சி, டி, ஈ என்று பிரித்துத் தருவதுண்டு. அப்படியான டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு வகை. அதில் நான்கு பிரதான பார்ட்டிஷனுக்கு (டிஸ்க் பிரிவுக்கு) மேல் இடமில்லை. நான்கும் ஏற்கனவே இருக்கும் நிலையில் விண்டோஸில் ஐந்தாவதைப் படைக்கப் போனால் “டைனமிக் டிஸ்காக மாற்றவா” என்று கேட்கும். ஓம் என்று மட்டும் அமத்திவிடாதீர்கள். பிறகு லினக்ஸ் நிறுவிக்கு அந்த டிஸ்கோடு சரிவராது. ஈ டிரைவில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்தப் பார்ட்டிஷனை அழித்து, அந்த இடத்தை லினக்ஸுக்குக் கொடுப்பதுதான் சுத்தமான வழி.

அடுத்தது பிட்லொக்கர், டிஸ்கை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடுங்கள். இயக்கத்தில் இருந்தால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பூட் ஒழுங்கில் கை வைத்த பிறகு விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். கடைக்காரர் தன்னுடைய கணக்கில் ஏற்றித் தந்த பாவித்த லப்டொப் என்றால்? எண் அவருடைய கணக்கில் கிடக்கும். ஆகவே முதலே பாருங்கள். எண்ணைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது என்கிரிப்ஷனை நிறுத்திவிட்டு அது முழுக்க அவிழும்வரை பொறுங்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனம். 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கோடு நுழைந்தால் கேட்காமலே பூட்டிவிடும்.

இனி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8இல் 2012இல் வந்தது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுக்க அணைவதில்லை. தன் கேர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது, அடுத்த முறை கெதியாக எழும்புவதற்காக. அந்த நேரத்தில் டிஸ்க் இன்னும் ‘பாவனையில்’ இருப்பதாகத்தான் அடையாளம் இருக்கும். லினக்ஸில் போய் அந்த டிரைவைத் திறந்தால் வாசிக்கலாம், எழுத முடியாது என்று நிற்கும். வற்புறுத்தி எழுதினால் விண்டோஸ் எழும்பும்போது அதன் நினைவில் இருப்பதும் டிஸ்கில் இருப்பதும் வேறுவேறாகிக் கோப்புகள் கெடும். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு நேரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் வேக வித்தியாசம் கொஞ்சம்தான்.

இப்போது இடம் ஒதுக்குவது. விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் சி டிரைவை வலது கிளிக் செய்து ‘ஷ்ரிங்க் வொலியூம்’. விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸைக் கொண்டே செய்யுங்கள், லினக்ஸ் நிறுவியிடம் விடாதீர்கள். 100 ஜிபி வெற்றிடம் இருந்தும் 12 ஜிபிதான் சுருக்கலாம் என்று காட்டினால் பதறத் தேவையில்லை. பேஜ் கோப்பு, ஹைபர்னேஷன் கோப்பு, ரெஸ்டோர் பொயின்ட் போன்ற அசைக்க முடியாதவை டிஸ்கின் நடுவில் குந்தியிருக்கின்றன. அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, மறுபடி தொடக்கி, திரும்பச் சுருக்கிப் பாருங்கள். 256 ஜிபியில் உங்களுக்கு 60 ஜிபி எடுத்தால் சரி. உபுண்டு குறைந்தது 25 கேட்கிறது, அது கேட்பது மட்டும் கொடுத்தால் இரண்டு மாதத்தில் நிரம்பும். சுருக்கிய இடத்தை அப்படியே ஒதுக்கப்படாததாக விட்டுவிடுங்கள். அதில் டிரைவ் உண்டாக்க வேண்டாம்.

சுருக்கும்போதும் நிறுவும்போதும் கரண்ட் போகக்கூடாது. பாவித்த லப்டொப்பின் பற்றரியை நம்பாதீர்கள். வயரைக் கழற்றிவிட்டு அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று முதலில் ஒருக்கா பாருங்கள். ஒரு மணித்தியாலம் நிற்காவிட்டால் யூபிஎஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். மாரி மழையில் பின்னேரம் மின்னல் தொடங்கும் நேரம் பார்த்து இந்த வேலையை வைக்காதீர்கள். காலையில் செய்யுங்கள்.

எதை இறக்குவது? கம்பஸ் ஆய்வுகூடத்தோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் உபுண்டு 24.04. 2024 ஏப்ரலில் வந்தது, ஐந்து வருட ஆதரவு. பழைய இயந்திரத்துக்கும், விண்டோஸ் முகத்துக்குப் பழகியவர்களுக்கும் லினக்ஸ் மின்ட் 22 நல்லது. உள்ளே அதே உபுண்டு 24.04தான். 4 ஜிபி ரேம் என்றால் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவலுக்கான முழுக் கோப்பு) பல ஜிபி வரும். போன் டேட்டாவில் பகலில் இறக்கிக் காசைக் கரைக்காமல் இரவு டேட்டாவிலோ கம்பஸ் வை-ஃபையிலோ இறக்குங்கள். பாதியில் அறுந்து தொடர்ந்த கோப்பு கெட்டிருக்கலாம், ஆகவே தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 8 ஜிபி பென்ட்ரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதுங்கள். யூஈஎஃப்ஐ என்றால் ஜிபிடி (புதிய பிரிப்பு வகை), லெகசி என்றால் எம்பிஆர் என்று அதில் தெரிவு இருக்கிறது.

பென்ட்ரைவிலிருந்து எழும்பியதும் நிறுவ ஓடாதீர்கள். ‘ட்ரை’ என்ற தெரிவில் ஓட விட்டு வை-ஃபை, சத்தம், டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் எழும்புகிறதா என்று எல்லாவற்றையும் ஆறுதலாகப் பாருங்கள். டிஸ்கில் ஒன்றும் எழுதப்படாது. வை-ஃபை தெரியாவிட்டால் அந்தச் சிப்புக்கு இயக்கி (டிரைவர்) தனியாக இறக்க வேண்டியிருக்கும். அதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு வை-ஃபை வேண்டும் என்று முழிக்கத் தேவையில்லை. போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போடுங்கள், லினக்ஸ் அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

நிறுவியில் உங்கள் டிஸ்கே தெரியவில்லையா? சில லப்டொப்களில் பயோஸில் சாட்டா முறை ‘ரெய்ட்’ அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று வைத்திருப்பார்கள். அதை ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்பும்படி வைத்து, மறுபடி தொடக்கும்போது பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழும்ப விட்டு, பிறகு சாதாரண நிலைக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் ஆகாது.

நிறுவியில் ‘விண்டோஸோடு சேர்த்து நிறுவு’ என்ற தெரிவு வந்தால் அதுவே போதும். கைமுறையாகப் பிரிப்பதென்றால் ஓர் அட்டவணை வரும். அதை வடிவாகப் பாருங்கள். மேலே ஃபேட்32 என்று சின்னதாக, பெரும்பாலும் 100 எம்பியில் ஒரு பார்ட்டிஷன். கீழே என்டிஎஃப்எஸ் என்று பெரிதாக ஒன்று, அதுதான் சி. கடைசிப் பக்கம் சில நூறு எம்பியில் இன்னொரு என்டிஎஃப்எஸ், விண்டோஸின் மீட்புப் பகுதி. இடையில் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று நீங்கள் விட்ட 60 ஜிபி. அந்த வெற்றிடத்தில் மட்டும் லினக்ஸின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4 ஆக ஒன்றைப் படைத்து, ஏற்றுமிடமாக (மவுண்ட் பொயின்ட்) ‘/’ என்ற சாய்கோட்டைக் கொடுங்கள். ரேம் போதாதபோது பாவிக்கும் ஸ்வொப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, உபுண்டு இப்போது ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. அந்த 100 எம்பி பார்ட்டிஷன்தான் ஈஎஃப்ஐ. ஒரு வளவுக்குள் இரண்டு வீடு, படலை ஒன்று என்று வையுங்கள். அந்தப் படலை அதுதான். லினக்ஸ் அதைப் பாவிக்கும், தன் கோப்புறையை விண்டோஸின் கோப்புறைக்குப் பக்கத்தில் வைக்கும், அவ்வளவுதான். அதற்கு நேரே ‘ஃபோர்மட்’ என்ற கட்டத்தில் சரி அடையாளம் விழுந்திருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அது விழுந்தால் விண்டோஸ் டிஸ்கில் முழுசாக இருக்கும், எழும்பாது. கடைக்காரர் சொன்ன ஃபோர்மட் அப்போது உண்மையாகவே தேவைப்படும் போலத் தோன்றும்.

நிறுவிய பிறகு கிரப் என்ற பட்டியல்தான் முதலில் வரும். உபுண்டு மேலே, விண்டோஸ் கீழே, பத்து விநாடியில் உபுண்டு போய்விடும். அப்பாவுக்கு இது சரிவராது. கிரப்பின் அமைப்பை மாற்றி விண்டோஸை முன்னிருப்பாக்கலாம் என்று பலர் சொல்வார்கள், செய்யலாம்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது, பயோஸில் பூட் ஒழுங்கில் விண்டோஸ் பூட் மனேஜரை முதலுக்குக் கொண்டுபோய்விடுவது. லினக்ஸுக்கு நீங்கள் எஃப்12 தட்டுங்கள். இதில் இன்னொரு லாபம், கிரப் எப்போதாவது குழம்பினாலும் அப்பாவுக்குத் தெரியவே வராது. லெகசி முறையில் இந்த வசதி இல்லை, அங்கே கிரப்பைத்தான் திருத்த வேண்டும். பட்டியலில் விண்டோஸே காணவில்லை என்றால், 2021இல் வந்த கிரப் 2.06இலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு அப்டேட்-கிரப் கொடுத்தால் வந்துவிடும்.

இனி மணிக்கூடு. இதைச் சொல்லாமல் விட்டால் முதல் வாரத்திலேயே அப்பாவிடம் ஏச்சு வாங்குவீர்கள். லப்டொப்புக்குள் சின்னப் பற்றரியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று வாசிக்கிறது. இரண்டுக்கும் இடையில் இலங்கையில் ஐந்தரை மணித்தியாலம். லினக்ஸில் இருந்துவிட்டு பின்னேரம் 6 மணிக்கு விண்டோஸுக்குப் போனால் மதியம் 12.30 என்று காட்டும். விண்டோஸ் சரிப்படுத்திய பிறகு லினக்ஸுக்கு வந்தால் இரவு 11.30. இணையம் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகத் திருந்தும். இணையம் இல்லாத வேளையில் அப்பா சேமிக்கும் கடிதத்தில் பிழையான நேரம் விழும்.

வன்னிக்கு இது புதிதா என்ன? 1996 மே மாதத்தில் மின்தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அந்த ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருப்ப வேண்டும். இதில் வேடிக்கை, லினக்ஸும் மற்றும் பல அமைப்புகளும் பாவிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தின் ஆசியக் கோப்பில், இலங்கைக்கான பகுதியில் இதைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் கொல்கத்தா வலயத்தைப் பாவிக்கலாம் என்று. உங்கள் உபுண்டுவிலும் அந்தத் தரவுத்தளம்தான் ஓடுகிறது. இப்போது எல்லோருக்கும் ஒரே ஐந்தரை என்பதால் கொழும்பு வலயத்தைத் தெரிவு செய்தால் சரி.

தீர்வு ஒரு வரிதான். லினக்ஸின் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’ என்று கொடுத்து 1 போடுங்கள். லினக்ஸும் உள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக வாசிக்கத் தொடங்கும். இது நல்லதல்ல என்று ஓர் எச்சரிக்கை காட்டும். அது பெரும்பாலும் கோடை காலத்தில் மணியை மாற்றும் நாடுகளுக்கான தலையிடி. நமக்கு அது இல்லை. விண்டோஸை மாற்றியும் இதைத் தீர்க்கலாம், ஆனால் அதற்கு ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும். அப்பாவின் பக்கத்தைக் கிண்டாமல் விடுவது நல்லது.

கோப்புகளைப் பகிர்வது பற்றி. லினக்ஸ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவை வாசிக்கும், எழுதும். 2021இல் வந்த 5.15 கேர்னலிலிருந்து அதற்கான இயக்கி கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4ஐச் சாதாரணமாகத் திறக்காது. “ஃபோர்மட் செய்யவா” என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கும் தங்கைக்கும் இப்போதே சொல்லிவையுங்கள். லினக்ஸில் இருந்தபடி சி டிரைவுக்குள் எழுதும் பழக்கம் வேண்டாம். இருவருக்கும் பொதுவான கோப்புகளுக்கு டி டிரைவ் ஒன்று வைத்து அதை மட்டும் பாவியுங்கள்.

தமிழ் எழுதுவது பற்றித் தம்பி கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுதியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வரும், நம் நாட்டுத் தட்டச்சுப் பழகியவர்களுக்கான ரெங்கநாதன் விசைப்பலகையும் வரும். பாமினியில் பழகிய கைக்கு ரெங்கநாதன் அவ்வளவு அந்நியமாக இராது. அப்பாவின் பழைய கடிதங்களை லிப்ரே ஓபிஸில் திறக்கப் பாமினி எழுத்துருக் கோப்பை உங்கள் எழுத்துரு அடைவில் போட்டால் தெரியும். ஆனால் அட்டவணைகள் கொஞ்சம் நகரும், பக்கம் உடையும் இடம் மாறும். திணைக்களத்துக்குப் போகும் கடிதத்தை அப்படி அச்செடுக்காதீர்கள். அவருடைய வேலை விண்டோஸிலேயே இருக்கட்டும். தங்கைக்குப் பைதன் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

விண்டோஸ் அப்டேட் லினக்ஸை அழித்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். யூஈஎஃப்ஐ முறையில் அழிப்பதில்லை. சில வேளை பூட் ஒழுங்கை மாற்றும், நாம் எப்படியும் விண்டோஸைத்தான் முதலில் வைத்திருக்கிறோம். 2024 ஓகஸ்ட் அப்டேட் ஒன்று மட்டும் உண்மையாகவே தொல்லை கொடுத்தது. பாதுகாப்புக்காகப் பழைய பூட்லோடர்களை (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்களை) தடுக்கப் போய், நம்பகமான பூட்லோடரை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்த பல இரட்டை நிறுவல்களில் லினக்ஸ் பக்கம் எழும்பாமல், ஏதோ பெரும் பிழை நடந்துவிட்டது என்ற வரியோடு நின்றது. பயோஸில் செக்யூர் பூட்டை அணைத்தால் லினக்ஸ் வந்தது. உள்ளே போய் அந்தத் தடைப்பட்டியலை நீக்கிவிட்டுத் திரும்ப இயக்கினார்கள். மைக்ரோசொப்டின் முழுத் திருத்தம் 2025 மே மாதத்தில்தான் வந்தது. இப்படி ஏதாவது நடந்தால் நிறுவிய பென்ட்ரைவ் கையில் இருக்க வேண்டும். அதை அழித்துவிட்டுப் படம் ஏற்றாதீர்கள்.

படிப்பு முடிந்து லினக்ஸ் வேண்டாம் என்றால் எடுக்கும் ஒழுங்கும் உண்டு. யூஈஎஃப்ஐ என்றால் பயோஸில் விண்டோஸ் முதலாவதாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, டிஸ்க் மனேஜ்மென்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழியுங்கள். ஈஎஃப்ஐக்குள் மிஞ்சும் உபுண்டு கோப்புறை சில எம்பிதான், இருந்துவிட்டுப் போகட்டும். லெகசி என்றால் பார்ட்டிஷனை அழிக்க முன்னரே விண்டோஸ் நிறுவல் பென்ட்ரைவால் எம்பிஆரைத் திருப்பி எழுத வேண்டும். இல்லாவிட்டால் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரியில் வந்து நிற்கும், விண்டோஸும் வராது. விடுபட்ட இடத்தை ‘எக்ஸ்டென்ட் வொலியூம்’ கொடுத்து சி டிரைவோடு சேர்க்கலாம். அதற்கு அந்த வெற்றிடம் சி டிரைவுக்கு நேர் வலப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். இடையில் மீட்புப் பார்ட்டிஷன் இருந்தால் அந்தத் தெரிவு மங்கலாகவே கிடக்கும். அப்படியென்றால் அந்த இடத்தைத் தனி டிரைவாக ஆக்கித் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள்.